ஆயாவின் சுருக்குப்பையும் சான்பிரான்சிஸ்கோவின் பன்னிரண்டு கேள்விகளும்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், பாரிஸ் புறநகரில் வாழும் என் சித்தப்பா குடும்பம் கோடை விடுமுறைக்குப் புதுச்சேரி வந்திருந்தது. 14ஆம் தேதி, கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் பதக்கம் அணிந்த முன்னாள் சிப்பாய்கள் கூடும் நிகழ்ச்சிக்கு வீட்டு ஆண்கள் எல்லோரும் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்தபின், காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சித்தப்பாவின் மகள் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஆனால் அவளுடைய தோளுக்கு மேலே மெல்லிய நீலப் புகை எழுந்து, கொடியில் தொங்கிய வேட்டியின் மேல் படர்ந்தது. "கீழ யாருக்கும் தெரிய வேணாம் அக்கா" என்றாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஆறு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். அந்த நிமிடத்தில், பரீட்சையில் துண்டுச் சீட்டோடு பிடிபட்ட சிறுமியைப் போல நின்றாள்.

அதே நேரத்தில் கீழே தெருவைப் பார்த்த வராந்தாவில் அவளுடைய அண்ணன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சாம்பல் தட்டுவதற்கு என் அம்மாவே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்திருந்தார்.

மாடியில் நடந்தது எப்படியோ மாலைக்குள் வீட்டில் பரவிவிட்டது. நான் சொல்லவில்லை, பக்கத்து மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்க வேண்டும். பெரியம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "பிரான்ஸ் போனா பொண்ணுங்க இப்படித்தான் ஆவுதுங்க" என்றார். அண்ணனும் அதே பிரான்சில்தான் வளர்ந்தான், அதே பள்ளியில்தான் படித்தான், அதே சிகரெட்டைத்தான் பிடிக்கிறான். அவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண் பிள்ளை சிகரெட் பிடித்தால் அதற்கு எந்த நாடும் காரணமாவதில்லை. பெண் பிடித்தால் மட்டும் ஒரு நாடு முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது.

நான் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் பாடம் நடத்துகிறேன். பெரியம்மாவின் அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது, பல ஆண்டுகளாக வகுப்பில் நான் விளக்கிவரும் ஓர் ஆய்வு வரிசை. அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் அமெரிக்க வழியினர், அதாவது அங்கே லத்தீனோ என்று அழைக்கப்படும் மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு போன்ற இடங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், அமெரிக்க வாழ்க்கையில் ஊறும்போது அவர்களுடைய புகைப்பழக்கம் என்ன ஆகிறது என்ற கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். பெரியம்மா காபித் தம்ளரோடு உட்கார்ந்து ஒரே வரியில் சொல்லி முடித்தது அந்த ஆய்வுகளின் பாதி முடிவு. மீதிப் பாதியை எழுத வேண்டும் என்று அன்று இரவே நினைத்தேன். ஓராண்டு கழித்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பண்பாட்டினர் இன்னொரு பண்பாட்டினரோடு தொடர்ந்து நேரடியாகப் பழகும்போது, ஒரு தரப்பிலோ இரு தரப்பிலுமோ ஏற்படும் மாற்றங்களைச் சமூக அறிவியலில் பண்பாட்டேற்பு என்கிறோம். 1936ஆம் ஆண்டு ராபர்ட் ரெட்ஃபீல்ட், ரால்ஃப் லிண்டன், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகிய மூன்று மானிடவியலாளர்கள் அளித்த வரையறை இது. அவர்கள் இரு தரப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதை மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் வந்தவர் எவ்வளவு மாறினார் என்று மட்டுமே அளக்கப்பட்டது, இருந்தவர் மாறியதை யாரும் அளக்கவில்லை.

அளப்பதற்கு ஒரு கருவி வேண்டுமல்லவா? 1987இல் ஹெரார்டோ மரீனும் அவருடைய குழுவினரும் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு சிறிய அளவுகோலை உருவாக்கினார்கள். பொதுவாக எந்த மொழியில் படிக்கிறீர்கள், வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், எந்த மொழியில் சிந்திக்கிறீர்கள், நண்பர்களோடு எந்த மொழி, தொலைக்காட்சி எந்த மொழியில் பார்க்கிறீர்கள், நெருங்கிய நண்பர்கள் எந்த இனத்தவர், உங்கள் பிள்ளைகளின் நண்பர்களை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் அவர்கள் எந்த இனத்தவராக இருக்க வேண்டும் என்பன போன்ற எளிய கேள்விகள். ஸ்பானிஷ் மட்டும் என்ற முனையிலிருந்து ஆங்கிலம் மட்டும் என்ற முனை வரை ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். இந்தக் கருவியை வைத்துக்கொண்டு மரீன், எலிசேயோ பெரெஸ்-ஸ்டாபிள், பார்பரா வான்ஆஸ் மரீன் ஆகியோர் சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த லத்தீனோ மக்களிடையே நடத்திய ஆய்வு 1989இல் வெளிவந்தது. அதன் முடிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் எதிரெதிர்த் திசையில் இருந்தது. அமெரிக்க வாழ்க்கையில் அதிகம் ஊறிய பெண்கள், அப்படி ஊறாத பெண்களைவிட அதிகமாகப் புகைத்தார்கள். ஆண்களிலோ, அதிகம் ஊறாதவர்களே அதிகமாகப் புகைத்தார்கள்.

2005இல் ஜெஃப்ரி பெத்தேலும் மார்க் ஷென்கரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பெண்களைப் பொறுத்தவரை இதே போக்குத்தான் உறுதிப்பட்டது. ஆண்களிடம் அப்படி ஒரே சீரான போக்கு தென்படவில்லை. சில ஆய்வுகளில் கூடியது, சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த இரட்டைப் போக்குக்கான காரணத்தை வகுப்பில் விளக்கும்போது, கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைவேன். மெக்சிகோவில் 2009ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் 24.8 விழுக்காட்டினரும் பெண்களில் 7.8 விழுக்காட்டினரும் புகைத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மூன்று மடங்கு இடைவெளி. அந்த ஊரிலிருந்து கிளம்பி, ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சம அளவில் புகைக்கும் ஒரு சமூகத்துக்குள் வந்து சேர்பவர்கள் அக்கம்பக்கத்தாரைப் போல ஆகத் தொடங்கினால், மேலே இருக்கும் ஆண்களின் கோடு கீழே இறங்க வேண்டும், கீழே இருக்கும் பெண்களின் கோடு மேலே ஏற வேண்டும். கலிஃபோர்னியாவில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1988 நவம்பரில் அந்த மாநில வாக்காளர்கள் ஒரு பெட்டி சிகரெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி விதிக்க வாக்களித்தார்கள்; அந்தப் பணத்தின் ஒரு பகுதி புகையிலைக்கு எதிரான பிரச்சாரத்துக்குப் போனது. 1995இல் பணியிடங்களிலும் 1998இல் மதுக்கூடங்களிலும் புகைப்பது தடைசெய்யப்பட்டது. புகைப்பது குறைந்துகொண்டே வரும் ஊருக்குள் கலப்பவர் அந்தக் குறைவையும் சேர்த்தே ஏற்கிறார். ஆகவே பண்பாட்டேற்பு என்பது கெட்டுப்போவது என்று பொருள்கொள்வது பெரும் பிழை. அது பக்கத்து வீட்டுக்காரர் வாழும் விதத்தை நோக்கி நகர்வது. அவர் வாழும் விதம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே நகர்வின் பலன் அமையும்.

லத்தீனோ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அவர்கள் ஒரே மக்கள் அல்லர். 2008 முதல் 2011 வரை பிராங்ஸ், சிகாகோ, மியாமி, சான்டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 16,000க்கும் மேற்பட்ட லத்தீனோ ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஒரு பெரிய உடல்நல ஆய்வு நடத்தப்பட்டது. அதில் போர்ட்டோ ரிக்கோ வழியினரில் ஆண்கள் 35.0 விழுக்காடு, பெண்கள் 32.6 விழுக்காடு புகைத்தார்கள். கியூபா வழியினரில் ஆண்கள் 31.3, பெண்கள் 21.9. டொமினிக்கன் வழியினரில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ 11 விழுக்காடுதான். ஒரே நகரத்தில், ஒரே தெருவில், ஒரே ஸ்பானிஷ் மொழி பேசும் இரண்டு வீடுகளுக்கு இடையே மூன்று மடங்கு வேறுபாடு இருக்க முடியும் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

போர்ட்டோ ரிக்கோ எண்களின் மேல் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. 1917இல் அமெரிக்கா ஒரு சட்டத்தின் மூலம் அந்தத் தீவு மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அன்றிலிருந்து அவர்கள் விசா இல்லாமல் நியூயார்க்குக்கும் சொந்தத் தீவுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது புதுச்சேரியில் பிறந்த யாருக்கும் நம் ஊர்க் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இங்கே பிறந்தவர்கள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை சொன்னது. எழுதிக்கொடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. போர்ட்டோ ரிக்கோப் பெண்கள் ஏறக்குறைய ஆண்களுக்கு இணையாகப் புகைப்பதற்குக் காரணம் அந்தப் போக்குவரத்து மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். வறுமை, வேலையின்மை, நெருக்கடியான குடியிருப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் இரண்டு நாடுகளிலும் ஒரு காலை வைத்திருக்கும் குடும்பத்தில் எந்த நாட்டின் பழக்கம் எந்த நாட்டின் பெயரில் பதிவாகிறது என்ற கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வியும்கூட.

எங்கள் தாத்தா ஒரு சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்குபவரை இங்கே அப்படித்தான் அழைப்போம். சைகோனிலும் பிறகு அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டு வந்தவர். ஊரைவிட்டுப் போகும்போது அவருக்குப் புகைப்பழக்கம் கிடையாது. பிரெஞ்சு ராணுவம் அந்தக் காலத்தில் சோறும் ரொட்டியும் போலச் சிகரெட்டையும் சிப்பாய்களுக்குப் பங்காகவே வழங்கியது. தாத்தா திரும்பி வந்தபோது கொலுவாஸ் சிகரெட்டின் அந்தக் காட்டமான கருப்புப் புகையிலை நெடி அவருடைய கோட்டிலும் நாற்காலியிலும் ஏறியிருந்தது. எனக்கு அவர் நினைவே அந்த நெடியாகத்தான் வருகிறது. அந்தப் பன்னிரண்டு கேள்விகளைத் தாத்தாவிடம் கேட்டிருந்தால், காலையில் பிரெஞ்சு வானொலி கேட்டு, சம்பளக் கணக்கைப் பிரெஞ்சில் எழுதி, கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டிய அவருக்குத்தான் குடும்பத்திலேயே அதிக மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் அவர் சிகரெட்டைப் பார்த்து "பிரான்ஸ் போனா இப்படித்தான்" என்று யாரும் சொன்னதில்லை. "துரை மாதிரி பிடிப்பாரு" என்றார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து அவருடைய பேத்தி அதே நாட்டிலிருந்து அதே பழக்கத்தோடு வந்தபோது குடும்பத்துக்குத் தலைகுனிவு வந்துவிட்டது.

லத்தீனோ ஆய்வுகளில் இதற்குப் பெயர்களே இருக்கின்றன. ஆண்மை என்றால் துணிவு, கட்டுப்பாடின்மை, குடி, புகை என்று வைத்திருக்கும் மனப்பாங்கை மச்சீஸ்மோ என்பார்கள். பெண் என்றால் கன்னி மரியாளைப் போலத் தூய்மையோடும் பொறுமையோடும் குடும்பத்துக்காகத் தன்னை ஒடுக்கிக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மரியானிஸ்மோ என்பார்கள். இந்தச் சொற்களைச் சில ஆய்வாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு மக்கள் கூட்டத்தையே இரண்டு பொம்மைகளாக ஆக்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. இருந்தாலும் முதன்முறை அவற்றைப் படித்தபோது என் அம்மாவின் கையிலிருந்த எவர்சில்வர் கிண்ணம்தான் கண்முன் வந்தது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும் நம்மவர்கள் வழக்கமாக இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, பார்த்தீர்களா, நம் பண்பாடு பெண்களின் உடல்நலத்தைக் காப்பாற்றுகிறது, மேற்கத்தியப் பண்பாடு கெடுக்கிறது என்பது. இரண்டாவது, பெண் புகைப்பது அவளுடைய விடுதலையின் அடையாளம், அதைக் கேள்வி கேட்பதே ஆணாதிக்கம் என்பது. இரண்டாவதற்கு விடை சுருக்கமானது. 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்து நடந்தார்கள். அந்தச் சிகரெட்டுகளுக்கு விடுதலைத் தீப்பந்தங்கள் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தக் காட்சியை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர். அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் நிறுவனம். பெண்கள் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்த உரிமையை ஒரு வியாபாரி பெட்டியில் அடைத்து விற்றான்.

முதலாவது முடிவுக்குத்தான் நீண்ட விடை தேவை. அந்த விடை எனக்குக் கடலூரிலிருந்து கிடைத்தது.

என் அம்மாவைப் பெற்ற ஆயா கடலூர் முதுநகரில் வாழ்ந்தார். துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஓட்டு வீட்டுத் திண்ணையில், தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை. கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்தால் முதலில் வருவது வெற்றிலைக் கட்டு, அடுத்து கொட்டைப்பாக்கு, கட்டைவிரல் அளவு சுண்ணாம்பு டப்பா, கடைசியில் அடியில் வாழைமட்டையில் சுற்றிய போயிலைத் துண்டு. வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, பின்பக்க நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பைத் தடவி மடித்து வாயில் போட்டு, அது பாதி மெல்லப்பட்ட பிறகுதான் போயிலையைக் கிள்ளி இடது கன்னத்தில் ஒதுக்குவார். அந்த இடது கன்னம் நான் பார்த்த நாளிலிருந்து சற்று உப்பியே இருந்தது. போயிலை தீர்ந்துவிட்டால் பெட்டிக்கடைக்குப் போய்வருவது பேரப்பிள்ளைகளின் வேலை. மீதிக் காசுக்கு எங்களுக்குக் கமர்கட்டு. குடும்பத்தில் யாரும் அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்ததில்லை. திருமணத்துக்கு வந்தவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கிற பொருள் அல்லவா?

ஆயாவுக்கு அறுபத்தெட்டு வயதானபோது உணவு காரமாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். ரசம் எரிகிறது என்றார். அம்மா காரத்தைக் குறைத்தார். ஒரு மருத்துவமனைக்கு வேறு ஒரு காரணத்துக்காக, முழங்கால் வலிக்காக, நான்தான் அழைத்துப் போனேன். பதிவு மேசையில் ஒரு படிவம். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்த ஊழியர் ஒரு கட்டத்தில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்து, "பாட்டி புகை பிடிப்பாங்களான்னு கேட்கணும், கேட்கல" என்று சொல்லி, இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டார். ஆயாவும் சிரித்தார். சிரிக்கும்போது இடது கன்னத்தில் போயிலை இருந்தது. நானும் சிரித்தேன் என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அன்று அந்தப் படிவத்தில் போயிலை போடுவீர்களா என்று ஒரு வரி இருந்திருந்தால், மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு டார்ச் வெளிச்சம் அடித்திருந்தால், கன்னத்தின் உட்புறத்திலிருந்த வெள்ளைத் திட்டு அப்போதே தெரிந்திருக்கும். ஒன்பது மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அது புண்ணாகி, தாடை வரை போய்விட்டிருந்தது.

2016-17ஆம் ஆண்டின் இந்திய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். புகைக்கும் பெண்கள் 2.0 விழுக்காடுதான்; ஆண்கள் 19.0. இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் பண்பாடு பெண்களைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்லலாம். அடுத்த வரியில், வாயில் போடும் புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 விழுக்காடு. என் ஆயா அந்த 12.8இல் இருந்தவர். பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதோடு புகையிலையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆக, நம் பண்பாடு பெண்ணுக்கு விலக்கி வைத்தது பிறர் கண்ணுக்குத் தெரியும் புகையை மட்டுமே. கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்கும் வரை அது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. ஊர் காத்தது பெண்ணின் பெயரை; அவளுடைய வாயையும் நுரையீரலையும் பற்றி அது ஒருபோதும் கவலைப்பட்டதில்லை.

மறைத்து வைப்பது லத்தீனோ ஆய்வுகளிலும் வெளிப்பட்டிருக்கிறது. 1982 முதல் 1984 வரை அமெரிக்காவில் லத்தீனோ மக்களுக்கென்றே நடந்த தேசிய உடல்நல ஆய்வில் மக்களிடம் எத்தனை சிகரெட் பிடிக்கிறீர்கள் என்று கேட்டதோடு, இரத்தமும் எடுத்தார்கள். நிக்கோட்டின் உடலுக்குள் போனபின் கோட்டினின் என்ற பொருளாக மாறிச் சில நாட்கள் இரத்தத்தில் தங்கும். அதை அளந்தால் வாய் சொன்னதை உடல் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்கலாம். சில சிகரெட்டுகள்தான் என்று சொன்ன மெக்சிக்க அமெரிக்கர்களில் ஆணிலும் பெண்ணிலும் ஒரு கணிசமான பகுதியினரின் இரத்தம் அதைவிட அதிகமாகச் சொன்னது. அப்படியானால் பண்பாட்டேற்பு கூடக் கூடப் பெண்களின் புகைப்பழக்கம் கூடுகிறது என்ற முடிவில் ஒரு சிறு பகுதி, கூடுவது பழக்கமா அல்லது அதை வெளியே சொல்லும் துணிவா என்ற ஐயத்துக்கு உரியதுதானே? ஸ்பானிஷில் மட்டும் சிந்திக்கும் ஒரு தாய், தன் வீட்டு வரவேற்பறையில் மாமியார் காதில் விழும்படி, அறிமுகமில்லாத ஓர் ஆய்வாளரிடம் ஆம் என்று சொல்வது எளிதல்ல. அந்த முடிவு தவறு என்று நான் வாதிடவில்லை. அத்தனை ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. கேள்வி யாரால், எங்கே, எந்தச் சொல்லால் கேட்கப்படுகிறது என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது என்பதே நான் சொல்வது.

இதை நானே கண்கூடாகப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மாணவிகளை வைத்திக்குப்பத்துக்கு வீடுவீடாகக் கணக்கெடுக்க அழைத்துப் போனேன். நீங்கள் புகையிலைப் பொருட்களைப் பயன்படுத்துகிறீர்களா என்று அச்சடித்த கேள்வியை அவர்கள் அப்படியே படித்தார்கள். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, வெத்தலையோட சேத்து என்னெல்லாம் போடுவீங்கம்மா என்று கேட்கச் சொன்னேன். முந்தின நாள் இல்லை என்று சொன்ன ஒரு பெண்மணி முந்தானையை அவிழ்த்து, தன் போயிலைப் பொட்டலத்தை எடுத்து மாணவியின் கையிலேயே வைத்து, எந்தக் கடையில் வாங்குகிறார், எத்தனை வருடமாக, பல் வலிக்காகத் தொடங்கியது எப்படி என்று அரை மணி நேரம் பேசினார். பேச்சின் முடிவில் மாணவி அவர் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அதற்கும் அவர் மறுக்கவில்லை.

சான்பிரான்சிஸ்கோ குழுவினர் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதைச் சேர்ந்ததுதான். புகைப்பதை விடுவதற்கு என்ன காரணம் உங்களுக்கு முக்கியம் என்று லத்தீனோ மக்களிடமும் வெள்ளையர்களிடமும் கேட்டு ஒப்பிட்டார்கள். லத்தீனோ மக்கள், என் புகை வீட்டாரின் உடலைக் கெடுக்கிறது, பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி ஆகிறேன், வாயும் துணியும் நாறுகிறது என்ற காரணங்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்தார்கள். குடும்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கும் அந்த மனப்பாங்குக்கு அவர்கள் ஃபமிலிஸ்மோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் காரணங்களை அடிப்படையாக வைத்தே ஸ்பானிஷ் மொழியில் புகையை விடுவதற்கான வழிகாட்டிக் கையேட்டை எழுதினார்கள். பண்பாட்டை ஒரு குற்றச்சாட்டாகவோ கவசமாகவோ பார்க்காமல், அந்த மனிதர் எதை நேசிக்கிறாரோ அதன் வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். நம் ஊரில் இப்படிப் பெண்களுக்கென்று பேசிய ஒரு வாசகத்தைத் தேடினால் எனக்குக் கிடைப்பதில்லை. திரையரங்கில் படம் தொடங்கும் முன் வரும் எச்சரிக்கையில் புகைப்பவர் அநேகமாக ஓர் ஆண். பெண் பக்கத்தில் நின்று இருமுகிறாள், அல்லது அழுகிறாள்.

சித்தப்பா குடும்பம் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய இரவு, நாங்கள் மூவரும் மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். விளையாட்டாக அந்தப் பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டேன். இருவரும் பிரெஞ்சில்தான் சிந்திக்கிறார்கள், தொலைக்காட்சியும் பிரெஞ்சுதான், வீட்டில் பாதிப் பாதி. பிள்ளைகளின் நண்பர்கள் கேள்விக்கு அவள் யாராக இருந்தாலும் சரி என்றாள். அவன் தமிழ்ப் பிள்ளைகளாக இருந்தால் நல்லது என்றான். மற்றபடி ஒரு மதிப்பெண் அளவுதான் வேறுபாடு. பிறகு அவனைப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. காலைக் காபிக்கு ஒன்று, வண்டி நிறுத்துமிடத்தில் ஒன்று என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, மதியம் வந்ததும் விரல்கள் போதாமல் மறுபடி கட்டைவிரலிலிருந்து எண்ணி, பதினெட்டில் நிறுத்தினான். "வீட்ல யாரும் இத கேட்டதே இல்ல அக்கா" என்றான். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. "எனக்கு நாலுதான்" என்றாள் அவள், ஏதோ சலுகை கேட்பவளைப் போல. நான்கு என்பது சிறிய எண் இல்லை என்று அவளிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு இருபது பிடிப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழ பாதி ஆபத்து ஒரே ஒரு சிகரெட்டிலேயே வந்துவிடுகிறது என்று 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பாப்பா இப்போதெல்லாம் தூங்கும்போது தன் கழுத்தில் முகம் புதைப்பதில்லை, அம்மா கழுத்து வாசனை பிடிக்கவில்லை என்கிறாள் என்று சொன்னாள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்தான். பிரான்சில் 2017 முதல் எல்லா நிறுவனத்துப் பெட்டிகளும் ஒரே மாதிரி மங்கிய நிறத்தில்தான் வருகின்றன. பெரிய எச்சரிக்கைப் படத்தின் ஓரத்தில் 39 89 என்று ஓர் எண் அச்சிட்டிருந்தது. புகையை விட நினைப்பவர்களுக்கான தொலைபேசி எண். நம் ஊர்ப் பெட்டிகளில் 1800-11-2356 என்று இருப்பதைப் போல. "தினமும் கையில இருக்கு, படிச்சதில்ல" என்றான். பெட்டியைப் படிக்கட்டு விளக்கின் பக்கம் சாய்த்துப் பிடித்து, முதலில் தங்கையின் கைபேசியை வாங்கி அதில் அந்த எண்ணைப் பதிந்தான். பிறகு தன்னுடையதை எடுத்தான்.